‘யா’ என்ற ஒரு சொல்லை வைத்து அளந்து பார்த்த ஸ்பானிய அகராதி

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், குழுத் தலைவர் என் மேசைக்கு வந்து அறிக்கை முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்ததோ “யா நோ தெர்மினே” என்ற வாக்கியம். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் அந்த அறிக்கை வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. “கடைசியில் என்னால் அதை முடிக்க முடியாமலே போய்விட்டது, விட்டுவிட்டேன்” என்று நான் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்பதும், அந்த வாக்கியத்துக்கு மெக்சிகோவில் வேறு பொருளே கிடையாது என்பதும் திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரர் விளக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் சொல்லியிருக்க வேண்டியது “தொதாவியா நோ தெர்மீனோ” என்பது.

தவறு எங்கிருந்து வந்தது என்பதை அன்றிரவே கண்டுபிடித்தேன். நான் பயன்படுத்திவந்த கைபேசிச் செயலி ஒன்று, ‘யா’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு நிகர்களை மட்டும் அட்டையில் காட்டியது. அவற்றுள் ஒன்று ‘யெட்’. ஆங்கிலத்தில் கேள்வியில் வரும் ‘யெட்’டுக்கு ‘யா’ பொருந்தும்; மறுப்பில் வரும் ‘யெட்’டுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்கிற நம்மவர்கள் பெரும்பாலோர் விழும் குழி இதுதான். அந்தச் செயலியை அன்றோடு நிறுத்திவிட்டு, மாட்ரிட்டில் உள்ள ஸ்பானிய அரச கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அகராதியைத் திறந்தேன். இரண்டரை ஆண்டுகளாக அதை நாள்தோறும் பயன்படுத்திவருகிறேன். ஒரு பெரிய அகராதியை மதிப்பிட அரிய சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரண்டெழுத்துச் சொல் ஒன்றை, அதுவும் நாளொன்றுக்கு நூறு முறை காதில் விழுகிற காலச் சொல் ஒன்றை, அது எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தாலே அதன் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். ஆகவே இந்த மதிப்புரை முழுவதும் ‘யா’ என்ற சொல்லையே சுற்றிவரும். (குறுந்தொகையில் யானை பட்டை உரிக்கிற யா மரத்துக்கும் இதற்கும் உறவில்லை, இது லத்தீன் ‘யாம்’ என்பதன் வழியில் வந்தது.)

அகராதியைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய அரச கழகம் 1713-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் அகராதி 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இப்போது இணையத்தில் நாம் பார்ப்பது 2014-இல் அச்சான 23-ஆம் பதிப்பின் தொடர்ச்சி. அச்சுப் பதிப்பில் 93,111 பதிவுகள் இருந்தன. 2017 முதல் மின்வடிவம் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டுவருகிறது. ஸ்பெயினில் மட்டுமன்றி அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலும் பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களிலும் உள்ள மொழிக் கழகங்களின் கூட்டமைப்புடன் சேர்ந்து இது தொகுக்கப்படுகிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. பெட்டியில் சொல்லைத் தட்டினால் பதிவு வரும். அழுத்தக்குறியை விட்டுவிட்டுத் தட்டினாலும் சொல்லைக் கண்டுபிடித்துவிடும். விளக்கத்துக்குள் வரும் எந்தச் சொல்லையும் சொடுக்கி அதன் பதிவுக்குத் தாவலாம். வினைச்சொற்களுக்கு முழுத் திரிபு அட்டவணை உண்டு. விளக்கங்கள் அனைத்தும் ஸ்பானியத்திலேயே இருப்பதால், மொழியைத் தொடங்கி ஓராண்டாவது ஆகாதவர்களுக்கு இது பயன்படாது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நியாயம்.

இனி ‘யா’. அகராதி இந்தச் சொல்லின் பொருள்களைக் காலவாரியாகப் பிரித்துக்கொண்டு போகிறது. முதலில் இறந்தகாலத்தைக் குறிக்கும் என்கிறது; அதற்கு “இதைப் பற்றி ஏற்கெனவே பல முறை பேசியிருக்கிறோம்” என்ற வகையில் ஓர் எடுத்துக்காட்டு. அடுத்து, கடந்த காலத்தோடு தொடர்புபடுத்தி நிகழ்காலத்தைக் குறிக்கும் என்கிறது. “பெரும் பணக்காரனாக இருந்தான், இப்போது ஏழை” என்பது எடுத்துக்காட்டு. அதன் பிறகு எதிர்காலம்: “பிறகு சந்திப்போம்”, “அது ஆகும்”. அதன் பிறகு ‘இறுதியாக’ என்ற பொருள். அதன் பிறகு ‘உடனே’ என்ற பொருள், யாராவது கூப்பிட்டால் “யா வோய்” என்று பதில் சொல்வது போல. இவற்றைத் தாண்டி, எதிரில் இருப்பவர் சொல்வதை ஒப்புக்கொள்ளும் ‘யா’வும், ‘யா கே’ போன்ற தொடர்களும் வருகின்றன.

முதல் முறை இதைப் படித்து முடித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் ஒரே சொல் குறிக்குமானால் அது எந்தக் காலத்தையும் குறிக்கவில்லை என்பதுதானே பொருள்? வினைச்சொல்லின் ஈறு ஏற்கெனவே காலத்தைச் சொல்லிவிடுகிறது. ‘யா’ அதற்கு மேல் வேறு ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அந்த வேறொன்று என்ன என்பதை அகராதியின் விளக்க வரிகள் சொல்வதில்லை. ஆனால் எடுத்துக்காட்டுகளை மட்டும் விளக்கங்களிலிருந்து பிரித்து ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோது, அவை எல்லாம் ஒரே திசையைக் காட்டின. முன்பு இருந்த நிலை ஒன்று மாறிவிட்டது, அல்லது மாறப்போகிறது, மாறுவதில் ஐயமில்லை. ‘யா’ சொல்வது இவ்வளவுதான். பணக்காரன் ஏழையான வாக்கியத்தில் இது வெளிப்படை. “யா வோய்” என்பதிலும் அதுவே: இதுவரை நான் வரவில்லை, இதோ நிலைமை மாறிவிட்டது, புறப்பட்டுவிட்டேன் என்று கொள்ளுங்கள். இலக்கண நூலார் ‘யா’வையும், ‘இன்னும்’ என்று பொருள்படும் ‘தொதாவியா’, ‘அவூன்’ ஆகியவற்றையும் ஒரு நிலையின் கட்டத்தைக் காட்டும் சொற்கள் என்று ஒரே குழுவில் வைப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. எந்தப் பாடநூலும் அதைச் சொல்லாததால் அதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். ‘சாப்பிட்டேன்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் கற்றுத்தராமலே தெரியும். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் முதலாவது. வா சாப்பிடலாம் என்று கூப்பிட்டால் இரண்டாவது. ஸ்பானியத்தில் அந்த வேறுபாடு ‘கொமீ’ என்பதற்கும் ‘யா கொமீ’ என்பதற்கும் உள்ளது. மதியம் இரண்டரை மணிக்கு அலுவலக நடைவழியில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் “யா கொமீஸ்தே?” என்று கேட்பார்கள், அது நம் ஊர் “சாப்பிட்டாச்சா?” என்பதன் அச்சு அசல், சாப்பாட்டைப் பற்றிய விசாரணையைவிட அன்பைப் பற்றிய விசாரணை அதில் அதிகம். அதே ‘விடு’ எதிர்காலத்திலும் வேலை செய்கிறது என்பது இன்னும் வியப்பு. பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு “வரும்” என்று சொன்னால் அது செய்தி. “வந்துவிடும்” என்று சொன்னால் அது ஆறுதல். ஸ்பானியத்தில் ‘யேகாரா’ என்பது செய்தி, ‘யா யேகாரா’ என்பது ஆறுதல். அகராதி ‘எதிர்காலத்தில்’ என்று எழுதி நிறுத்திக்கொண்ட இடத்தில் உண்மையில் இருப்பது இந்த ஆறுதல்தான். “யா வெரேமோஸ்” என்பதையும் இங்கேயே சேர்க்கலாம். நம்மவர் ஒரு கோரிக்கையை மறுக்கவும் மனமில்லாமல் ஏற்கவும் மனமில்லாமல் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பாரே, அதே தொனி.

‘ஆச்சு’ என்ற பேச்சுச் சொல்லும் இதற்கு நெருங்கிய உறவு. “யா சோன் லாஸ் தியேஸ்” என்றால் மணி பத்தாச்சு. “யா எஸ்தா” என்றால் ஆச்சு, முடிந்தது. தையற்காரர் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்தவுடன் சொல்வதும், செவிலியர் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தும்போது சொல்வதும் இதையே. வெறும் “யா” என்று இரண்டு முறை குரலை உயர்த்திச் சொன்னால் போதும், நிறுத்து என்று பொருள். “யா வோய்” என்பதற்கு நிகராக நாமும் நிகழ்காலத்தையோ எதிர்காலத்தையோ தேடிப் போவதில்லை. இன்னும் நாற்காலியை விட்டு எழாத நிலையிலேயே “இதோ வந்துட்டேன்” என்று இறந்தகாலத்தில் குரல் கொடுக்கிறோம். ஆக, ஸ்பானியர் ‘யா’வைக் கொண்டு செய்வதை நாம் வினை முற்றைக் கொண்டு செய்கிறோம். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து உடன்பாட்டு வாக்கியங்களில் ‘யா’வைத் தவறாக வைத்ததாக எனக்கு நினைவில்லை.

மறுப்பு வாக்கியம்தான் சிக்கல், தமிழ் கைவிடுவதும் அங்கேதான். ‘வந்துவிட்டார்’ என்பதை மறுக்க நாம் ‘வந்துவிடவில்லை’ என்று சொல்வதில்லை. ‘இன்னும் வரவில்லை’ என்றுதான் சொல்கிறோம். ஸ்பானியத்திலும் அப்படியே: “யா யேகோ” என்பதன் மறுப்பு “தொதாவியா நோ”. ஆனால் ‘யா நோ’ என்ற சேர்க்கையும் மொழியில் உண்டு. அதன் வேலை முற்றிலும் வேறு. ஒரு நிலை இருந்து முடிந்துபோயிற்று, இனி இல்லை என்பதை அது சொல்கிறது. “யா நோ வீவே அக்கீ” என்றால் அவர் முன்பு இங்கே குடியிருந்தார், இப்போது இல்லை. “யா நோ யுவேவே” என்றால் பெய்துகொண்டிருந்த மழை விட்டுவிட்டது. அப்படியானால் ‘யா’வின் எதிர்ச்சொல் ‘யா நோ’ அல்ல, ‘தொதாவியா நோ’. ‘தொதாவியா’வின் எதிர்ச்சொல் ‘தொதாவியா நோ’ அல்ல, ‘யா நோ’. இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. யா யேகோ? என்று கேட்டால் சரியான பதில்கள் இரண்டே: ‘ஆம், யா யேகோ’ அல்லது ‘இல்லை, தொதாவியா நோ’. ‘இல்லை, யா நோ’ என்று யாராவது சொன்னால், அவர் இனி வரமாட்டார், பயணத்தைக் கைவிட்டுவிட்டார் என்று கேட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதை நான் ஒரு ரொட்டிக் கடையில் கற்றேன். குவாதலஹாராவின் பெயர் பெற்ற உணவு, காரச் சாற்றில் முக்கி எடுக்கும் தோர்த்தா அஓகாதா. அதற்கு ‘பிரோத்தே’ எனப்படும், மேல்தோல் மொறுமொறுப்பாக உள்ள, புளிப்பேறிய மாவில் சுட்ட உப்பு ரொட்டி வேண்டும், சாதாரண ரொட்டி சாற்றில் கரைந்துவிடும். என் தெருமுனைக் கடையில் ஒரு மாலை பிரோத்தே கேட்டபோது, மாவு படிந்த முன்றானைக் கச்சையில் கையைத் துடைத்தபடி கடைக்காரம்மா “தொதாவியா நோ ஆய்” என்றார். எனக்குப் பின்னால் நின்ற முதியவர் சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அடுப்பறையிலிருந்து தட்டு வந்தது. இன்னொரு மாலை, எட்டரை மணிக்கு, அதே அம்மா அதே தொனியில் “யா நோ ஆய்” என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் கலைந்தார்கள். இன்னும் வரவில்லை என்பதற்கும் தீர்ந்துபோயிற்று என்பதற்கும் இடையில் இருப்பது இரண்டெழுத்துச் சொல் ஒன்றுதான். வெறுமனே “நோ ஆய்” என்றிருந்தால், எங்களிடம் அந்தப் பொருளே விற்பனைக்கு இல்லை என்றும் ஆகலாம்.

அகராதியின் மேல் எனக்குள்ள முதன்மையான குறை இங்கேதான். இந்தக் குறுக்கு உறவை அது எங்கேயும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுவதில்லை. அகரவரிசை அகராதி என்பதால் ‘தொதாவியா’ ஒரு மூலையிலும் ‘யா’ கடைசி மூலையிலும் கிடக்கின்றன. ஒன்றைத் தேடி வருபவரை மற்றொன்றுக்கு அனுப்பினால்தான் இரண்டும் விளங்கும். வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதைப் பற்றியும் பேச்சில்லை. பெரும்பாலும் வினைக்கு முன்னால் வருகிற ‘யா’, ஏவல் வினைக்குப் பின்னால் போகும்போது அவசரத்தைக் கூட்டுகிறது. “வாமோனோஸ் யா” (போகலாம்) என்பதில் ‘இந்தக் கணமே’ என்ற அழுத்தம் இருக்கிறது. இது போன்ற செய்திகளை ஓர் அகராதியிடம் எதிர்பார்ப்பது சரியா என்று கேட்கலாம். நாளெல்லாம் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் அதைத் தேட அகராதிக்கு வருவதே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் என்னைப் போன்ற வெளியாட்கள்தான் என்பதால், எதிர்பார்ப்பது சரிதான் என்பேன்.

இரண்டாவது குறை எடுத்துக்காட்டுகளின் வயது. பணக்காரன் ஏழையான அந்த வாக்கியத்தை நான் அலுவலகத்தில் மூவரிடம் காட்டினேன். மூவருமே, பொருள் புரிகிறது, ஆனால் நாங்கள் அங்கே ‘அஓரா’ (இப்போது) என்றுதான் சொல்வோம் என்றார்கள். எழுத்து நடையின் மிடுக்கு அந்த வாக்கியத்தில் இருக்கிறது, தெருவின் குரல் இல்லை. கற்கிறவர் அதை அப்படியே மனப்பாடம் செய்தால், தமிழில் ஒருவர் ‘யாண்டுச் சென்றீர்’ என்று கேட்ட கதையாகிவிடும். சற்று மிகைப்படுத்திச் சொல்கிறேன், ஆனால் அந்தத் திசையில்தான்.

மூன்றாவதைக் குறை என்று சொல்வதா, இயல்பு என்று சொல்வதா என்பதில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. முதல் எடுத்துக்காட்டில் வினை, ‘அபேர்’ துணைவினையோடு சேர்ந்த கூட்டு வடிவத்தில் இருக்கிறது. மாட்ரிட்டில் அதுவே வழக்கு; சற்று முன்பு நடந்து முடிந்ததை அங்கே “யா எ கொமீதோ” என்பார்கள். மெக்சிகோவில் அதே இடத்தில் தனி வினை: “யா கொமீ”. மறுப்பில் வேறுபாடு இன்னும் கூடுகிறது. ஸ்பெயினில் “தொதாவியா நோ எ தெர்மினாதோ” என்றிருப்பது மெக்சிகோவில் “தொதாவியா நோ தெர்மீனோ” என்று நிகழ்கால வினையோடு வரும். என் பழைய தவறைத் திருத்தியபோது பக்கத்து மேசைக்காரர் நிகழ்கால வினையைச் சொன்னதும், வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்து அவர்தான் தவறாகச் சொல்கிறார் என்று இரண்டு வாரம் நான் நம்பிக்கொண்டிருந்ததும் உண்மை. இரண்டுமே சரி, ஊர்தான் வேறு என்ற ஒரு வரி கிடைத்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு இலவச அகராதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. மெக்சிகோ நகரத்தில் உள்ள எல் கொலேஹியோ தே மெக்சிகோ என்ற ஆய்வு நிறுவனம், 1973-இல் தொடங்கி, மொழியியலாளர் லூயிஸ் பெர்னாந்தோ லாராவின் தலைமையில் ‘மெக்சிகோவின் ஸ்பானிய அகராதி’யை உருவாக்கியது, 2010-இல் அச்சில் இரண்டு தொகுதிகளாக வந்த அது, இணையத்தில் எவருக்கும் திறந்திருக்கிறது. மாட்ரிட் அகராதியிலிருந்து சொற்களை எடுத்து ஒட்டாமல், 1921 முதல் 1974 வரையிலான மெக்சிகோவின் எழுத்தையும் பேச்சையும் ஏறத்தாழ இருபது லட்சம் சொற்கள் அளவுக்குத் திரட்டி, அதன் அடித்தளத்தில் எழுதப்பட்டது என்பதே அதன் சிறப்பு. எடுத்துக்காட்டுகளைப் படிக்கும்போது யாரோ பக்கத்தில் நின்று பேசுவது போலவே இருக்கும். மாட்ரிட் அகராதி ஊரெல்லாம் பொதுவான நாணயம். மெக்சிகோ அகராதி உள்ளூர்ச் சந்தையில் செல்லும் சில்லறை. இரண்டும் பையில் இருக்க வேண்டும்.

ஸ்பானிய அரச கழகத்தின் தளத்திலேயே வேறு இரண்டு சேவைகள் உள்ளன. ஒன்று, 2005-இல் முதற்பதிப்பு வந்த ‘ஐயங்களுக்கான அகராதி’. ‘யா’வுக்கு நான் தேடிய வழிகாட்டித்தனம் இதன் பிற பதிவுகளில் நிறையவே இருக்கிறது. ‘அவூன்’ என்ற சொல்லை அழுத்தக்குறியோடு எழுதினால் ‘இன்னும்’, குறி இல்லாமல் எழுதினால் ‘கூட’ என்பதை அது தெளிவாகப் பிரித்துத் தரும். ‘அஸ்தா’ என்ற மற்றொரு காலச் சொல்லைப் பற்றிய பதிவு என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பொதுப்பொருள் ‘வரை’; ஆனால் மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் “பத்து மணி அஸ்தா திறப்போம்” என்று ஒருவர் சொன்னால், பத்து மணிக்குத்தான் திறப்போம், அதற்கு முன் கதவு பூட்டியிருக்கும் என்று பொருள். பத்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று எண்ணி எட்டு மணிக்கே அடித்துப் பிடித்து ஓடிப்போய் பூட்டிய கதவின் முன் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. எந்தெந்த நாடுகளில் இந்த வழக்கு உள்ளது, எதனால் குழப்பம் நேர்கிறது, குழப்பத்தைத் தவிர்க்க வாக்கியத்தில் ‘நோ’ சேர்த்துச் சொல்வது எப்படி உதவும் என்பவற்றை அந்தப் பதிவு பொறுமையாக விளக்குகிறது. ‘யா’வுக்கும் இதே பொறுமையைப் பெரிய அகராதியில் காட்டியிருக்கலாம்.

மற்றொன்று, 2001 முதலான எழுத்துகளையும் பேச்சுப் பதிவுகளையும் திரட்டிய ‘21-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு’. இதில் பத்தில் ஏழு பங்கு அமெரிக்கக் கண்டத்துக்கும் மூன்று பங்கு ஸ்பெயினுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘யா நோ’ என்று தேடி, நாட்டை மெக்சிகோ என்று சுருக்கிக்கொண்டால், ஒரு மாலை முழுவதும் படிக்க வாக்கியங்கள் கிடைக்கும். இருபது வாக்கியங்களைப் படித்தாலே ‘இன்னும் இல்லை’ என்ற பொருளில் அது ஒருமுறைகூட வரவில்லை என்பது கண்முன் தெரிந்துவிடும். ஆனால் தேடல் படிவம் ஆய்வாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கைபேசியின் சிறிய திரையில் அதைக் கையாள்வது பெரும்பாடு. கணினியில் மட்டும் முயலுங்கள்.

நிறைகளைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். பெரிய அகராதியின் வேகத்தில் எனக்கு இதுவரை குறை தோன்றியதில்லை; பேருந்தில் நின்றபடியே ஒரு சொல்லைப் பார்த்து முடிக்க முடிகிறது. சுருக்கக் குறிகளின் மேல் சுட்டியை வைத்தால் முழுச்சொல் தோன்றுவதால், அச்சு அகராதியின் முன்னுரையைப் புரட்டும் வேலை இல்லை. சொற்பிறப்புக் குறிப்புகள் சுருக்கமாக இருந்தாலும் சுவையானவை. ‘தொதாவியா’ என்பது ‘எல்லா வழியிலும்’ என்ற இரு சொற்கள் ஒட்டியது என்று அறிந்தபோது, பழைய ஸ்பானியத்தில் அது ‘எப்போதும்’ என்று பொருள்பட்டதும், ‘எப்போதும்’ தேய்ந்து ‘இன்னும்’ ஆனதும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அந்தச் சொல்லை நான் அதன் பிறகு மறந்ததில்லை. அண்மைய புதுப்பிப்புகளில் ஒத்த சொற்களும் எதிர்ச்சொற்களும் சேர்க்கப்பட்டிருப்பது எழுதுகிறவர்களுக்குப் பெரும் உதவி. ஒலிப்பைக் கேட்கும் வசதி இல்லாதது மட்டும் உறுத்துகிறது. ‘யா’ என்ற இந்தச் சொல்லையே மெக்சிகோவில் ‘யா’ என்றும் புவெனோஸ் ஐரிஸில் ‘ஷா’ என்றும் சொல்கிறார்கள். எழுத்தைப் பார்த்து மட்டுமே கற்ற ஒருவர் அங்கே போய் இறங்கினால், தமக்குத் தெரிந்த முதல் சொல்லையே அடையாளம் காணாமல் விழிப்பார்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், எளிய செய்தித்தாள் பத்தியை ஓரளவு படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு, தயக்கமின்றி. இருமொழி அகராதியை அந்த நிலையில் விட்டுவிடுவதே நல்லது. ‘யா’வுக்கு ஆங்கில நிகரைத் தேடுகிற வரை என் வெள்ளிக்கிழமைத் தவறு யாருக்கும் நேரலாம். மொழித் தேர்வுக்காகப் படிப்பவர்களும் எழுதும் பகுதிக்கு இதையே நம்பலாம். மெக்சிகோவிலோ குவாதமாலாவிலோ வேலை பார்ப்பவர்கள் மட்டும் மெக்சிகோ அகராதியையும் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்துக்கொள்ளவும்.

படிக்கும் வரிசை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நேராக ‘யா’வின் பதிவுக்குப் போக வேண்டாம். முதலில் ‘தொதாவியா’வைத் திறந்து, “இன்னும் தூங்குகிறான்” என்ற வகையில் அங்கே உள்ள எடுத்துக்காட்டைப் படித்து, அந்தத் தூக்கம் கலைந்த பிறகு என்ன சொல்வோம் என்று கேட்டுக்கொண்டு ‘யா நோ துவேர்மே’ என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அதன் பிறகு ‘யா’வைத் திறந்து, விளக்க வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுகளை மட்டும் தமிழில் ‘விட்டு’, ‘ஆச்சு’, ‘இதோ’, ‘இனி’ ஆகிய நான்கில் எது பொருந்துகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் ஆகும்.